குளத்துக்குப் பம்ப் வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் சரிவில்லாத கொல்லை கிடைப்பது அபூர்வம். அதனால் இங்கே தோட்டக் குளம் கட்டுகிறவர்கள் பலரும் கீழே குளம், மேலே கரையில் ஒரு சின்ன அருவி என்றே அமைக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பம்ப் வாங்கப் போகும்போது இந்தச் சரிவுதான் கழுத்தை அறுக்கும். எங்கள் வீட்டில் முதலில் போட்ட பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அருவியில் விழுந்தது அதில் பாதிகூட இல்லை. பம்பில் ஒரு கோளாறும் இல்லை.

குழி வெட்டி, ஷீட் விரித்து, தண்ணீர் நிரப்பியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. குளத்தில் எவ்வளவு தண்ணீர்?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர். 2.5 மீட்டர் நீளம், 1.6 அகலம், 0.6 ஆழம் என்றால் 2400 லிட்டர். குளம் வளைந்து நெளிந்திருந்தால் உத்தேசமாகப் போடுங்கள், போதும்.

2. மணிக்கு எவ்வளவு சுற்ற வேண்டும்?

செடிகளும் நாலைந்து சின்ன மீன்களும் மட்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீர் முழுவதும் சுற்றி வந்தால் சரி. கோய் என்கிற பெரிய வண்ணக் கெண்டை மீன் வளர்த்தால் மணிக்கு ஒருமுறை வேண்டும். கோய் நிறையத் தின்னும், அதற்கேற்ப அழுக்கும் போடும்.

அருவிக்கு இன்னொரு கணக்கு உண்டு. தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் விரிப்பு மாதிரி விழ, விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு 150 லிட்டர் அளவில் தேவை. 15 சென்டிமீட்டர் விளிம்புக்கு 2250. இரண்டு கணக்கில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் கோய் இருக்கிறது என்று வைத்தால் 2400.

அல்லி வைத்திருப்பவர்கள் அருவியை அதன் தலைக்கு மேல் விடாதீர்கள். இலையில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தாலோ, கீழே நீரோட்டம் அதிகமாக இருந்தாலோ அல்லிக்கு ஆகாது.

3. ஹெட்

ஹெட் என்றால் பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம். எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெட்டியின் முன்பக்கம் இருக்கும் பெரிய எண், பம்ப் தண்ணீரைத் துளியும் மேலே ஏற்றாதபோது தள்ளும் அளவு. பக்கத்தில் ‘எச் மேக்ஸ் 2.5 மீட்டர்’ என்று இன்னொன்று இருக்கும். அந்த உயரத்துக்குப் போனால் தண்ணீர் குழாயில் ஏறி நிற்கும், வெளியே வராது. ஆக 3000 என்பதும் 2.5 மீட்டர் என்பதும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது. உங்கள் அருவி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பாதி உயரத்துக்கு ஏற்றினால் ஏறக்குறைய பாதித் தண்ணீர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரியான அளவு வேண்டுமென்றால் பெட்டியின் பின்புறமோ உள்ளே இருக்கும் தாளிலோ ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள், அதில் பாருங்கள். அந்தப் படமே இல்லாத பம்பை நான் வாங்க மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

உயரத்தை அளப்பது குளத்தின் நீர்மட்டத்திலிருந்து. பம்ப் உட்கார்ந்திருக்கும் அடித்தரையிலிருந்து அல்ல, ஏனென்றால் பம்புக்கு மேலே நிற்கும் குளத்துத் தண்ணீர் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிறது. சரிவில் டேப்பைச் சாய்த்து அளந்தால் கணக்குத் தப்பும். கொத்தனார் மட்டம் பார்ப்பது போல ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மேலே ஒருவர் ஹோஸுக்குள் இருக்கும் தண்ணீரை அருவி விளிம்புக்குச் சமமாகப் பிடித்து நிற்கட்டும். கீழ் முனையைக் குளத்தருகே செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் அங்கேயும் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து குளத்து நீர் வரை நேராக அளந்தால் முடிந்தது. 1.1 மீட்டர் வந்தது என்று வைப்போம்.

இதோடு குழாய் தின்கிற பங்கையும் கூட்ட வேண்டும். மணிக்கு 2400 லிட்டரை 5 மீட்டர் நீளமுள்ள 25 மி.மீ. குழாயில் விட்டால் உரசலில் மட்டும் சுமார் 0.4 மீட்டர் போய்விடும். 20 மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்கும் மேல்! 32 மி.மீ. போட்டால் 0.15 மீட்டர்கூட இல்லை. இவை உட்புற விட்டங்கள். சுருக்கம் சுருக்கமான குளத்துக் குழாயிலும், எல்போ நிறைய இருந்தாலும் இன்னும் கூடும். பம்பின் வாய் சின்னதாக இருக்கிறதே என்று குழாயையும் சின்னதாகப் போடாதீர்கள். அடாப்டர் மாட்டி உடனே பெரிய குழாய்க்கு மாறிவிடுங்கள்.

ஆக, 25 மி.மீ. குழாயில் மொத்த ஹெட் 1.5 மீட்டர். கடையில் கேட்க வேண்டியது ‘3000 லிட்டர் பம்ப் இருக்கா’ என்று அல்ல, ‘ஒன்றரை மீட்டரில் 2400 தரும் பம்ப் எது’ என்று. அநேகமாக, 5000 என்று போட்ட பெட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

4. வாட்

பம்ப் இரவு பகலாக ஓடும். 60 வாட் பம்ப் நாளுக்கு 1.44 யூனிட், மாதத்துக்கு 43 யூனிட் சாப்பிடும். அதே வேலையை 100 வாட்டில் செய்யும் மலிவு பம்ப், விலையில் மிச்சம் பிடித்ததைப் பிரீபெய்ட் மீட்டரில் வாங்கிக்கொள்ளும். வெள்ளத்தண்ணீர் இறைக்கும் மிதவைப் பம்புகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை விட்டு விட்டு ஓடச் செய்யப்பட்டவை, சிலவற்றில் உள்ளே எண்ணெய் இருக்கும். சீல் போனால் மீன் போச்சு.

5. பொருத்துவது

பம்பை அடியில் சகதியில் வைக்காமல் ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். ஒயரை வெட்டித் தண்ணீருக்குள் ஒட்டுப் போடவே கூடாது. 10 மீட்டர் ஒயரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். பிளக் மழை படாத பெட்டிக்குள் இருக்கட்டும், அந்த லைன் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஓட விட்டபின் 20 லிட்டர் பெயின்ட் வாளியை அருவியின் கீழ் பிடித்து போனில் நேரம் பாருங்கள். 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2400. 24 விநாடி என்றால் 3000. சில மாதம் கழித்து இதே வாளி 40 விநாடி எடுத்தால் பம்பைச் சுற்றியிருக்கும் வடிகட்டிக் கூடையில் மாவிலை அடைத்திருக்கும். கழுவுங்கள், ஆனால் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

பிற்சேர்க்கை: ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர், கரண்ட் போனால் மேலே இருக்கும் ஃபில்டர் தொட்டி காலியாகிக் குளம் வழிகிறது என்று எழுதியிருந்தார். குழாயின் முனை தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அப்படித்தான், சைஃபன் ஆகித் திரும்பி இறங்கும். முனையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுங்கள். 2023-இல் லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும், வெக்கையான டர்பன் இரவில் தண்ணீர் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று: ஜோஜோ தொட்டியின் (வீட்டில் தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) பூஸ்டர் பம்ப், நீச்சல்குளப் பம்ப் சும்மா கிடக்கிறது, போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பூஸ்டர் அழுத்தத்துக்கானது, இரவெல்லாம் ஓட்டுவதற்கு அல்ல. 0.75 கிலோவாட் நீச்சல்குளப் பம்பை நாள் முழுக்க ஓட்டினால் 18 யூனிட். விற்றுவிட்டு, வருகிற காசில் சரியான பம்பை வாங்குங்கள். அப்புறம், குரங்கு வரும் வீடுகளில் குழாயை மண்ணுக்குள் புதைத்து, முனையைப் பெரிய கல்லின் கீழ் மாட்டுங்கள். வெளியே தெரிகிற குழாய் எதையும் அவை இழுத்துப் பார்க்காமல் போகாது.