முதல் பக்கம் மட்டும் சுருதி சேராத இசைத்தட்டு

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் பழைய எல்பி இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். கூடவே கீபோர்டு வாசித்துப் பார்த்தால், முதல் பக்கத்தில் மட்டும் சுருதி ஒரு இழை தூக்கலாக நின்றது. டர்ன்டேபிள் பெல்ட்டை மாற்றினேன், சுழலும் வேகம் சரியா என்று காட்டும் ஸ்ட்ரோப் புள்ளிகளைப் பார்த்தேன். வேகம் சரியாகவே இருந்தது. இரண்டாம் பக்கமோ கச்சிதம்.

அப்புறம்தான் தெரிந்தது: 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் முதல் பக்கத்துப் பாடல்களைப் பதிவு செய்த டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்! 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். பெல்ட் வாங்கிய காசு தண்டம்.

இப்போது முதல் பக்கத்துக்கு மட்டும், அதன் முதல் பாடலான 'ஸோ வாட்' கீபோர்டின் டி கட்டையோடு ஒட்டும்வரை, டர்ன்டேபிளின் வேகத்தை மாற்றும் பிட்ச் குமிழை மெல்லக் குறைக்கிறேன். தட்டைத் திருப்பும்போது குமிழை மறந்துவிடுவது வேறு கதை.