ஆழம் எங்கிருந்து?

டர்பனில் எங்கள் குழுவுக்கு வருடா வருடம் இரண்டு மூன்று பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். கடலடிப் பாறையில் கரியமில வாயுவைப் புதைத்து வைக்க முடியுமா என்று கணக்குப் போடும் வேலை. மணற்கல்லுக்கு மேலே கசியாத களிப்பாறை மூடியாக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தடுக்கி விழுவது நான் விழுந்த அதே இடத்தில்தான்.

எங்கிருந்து அளந்தீர்கள்?

தென்னாப்பிரிக்காவின் மொசெல் பே பக்கத்துக் கடலில் எண்ணெய் தேடித் துளைத்த கிணறு ஒன்றின் பதிவில் மணற்கல் 1,000 மீட்டரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,000, துளைமேடையின் தளத்திலிருந்து எண்ணியது. மேடை கடல்மட்டத்துக்கு மேல் 25 மீட்டர், தண்ணீர் 100 மீட்டர். கடல்தரைக்குக் கீழே 875 மீட்டர்தான். கிணற்றுக் கயிற்றை ராட்டினத்திலிருந்து அளந்துவிட்டுத் தண்ணீரின் ஆழம் என்று சொன்னால் எப்படி?

போன மாதம் ஒரு பெண் இதே போன்ற கணக்கைப் போட்டு, "அக்கா, 50 டிகிரி வருது" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பன்னி சௌவைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மேலே 20 டிகிரி, கிலோமீட்டருக்கு 30 கூடும் என்று போட்டிருந்தாள். வெப்பக் கணக்கைக் கடல்தரையிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே 10 டிகிரி என்றால், கீழே 36தான். அழுத்தத்தை மட்டும் கடல்மட்டத்திலிருந்து எண்ண வேண்டும், சுமார் 98 பார். 14 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் 31 டிகிரி, 74 பாரைச் சற்றே தாண்டிய நிலையில் இந்த வாயுவின் அடர்த்தி சின்ன வெப்பத்துக்கும் சரிந்துவிடும். 36 டிகிரியில் கனமீட்டருக்குக் கிட்டத்தட்ட 700 கிலோ. 50 டிகிரியில் 400கூட இல்லை. அடர்த்தி குறைந்தால் அதே பாறையில் குறைவாகத்தான் அடங்கும்.

இப்படித்தான் நான் ஒரு நல்ல அடுக்கை 'தேறாது' என்று தள்ளினேன். ஐந்து மாதம் கழித்து என் மேலாளர் ஒன்றும் பேசாமல் பதிவின் முதல் பக்கத்தை விரலால் தட்டினார். மேடையின் உயரம் அங்கேயே அச்சாகியிருந்தது. இன்றும் அட்டவணையில் வெறுமனே 'ஆழம்' என்று பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாய்ந்த துளை

துளையின் நீளத்தை அல்ல, செங்குத்து ஆழத்தை மட்டும் எழுதுங்கள்.

அட்லஸ் எண்

தென்னாப்பிரிக்காவின் கரியமில வாயுச் சேமிப்பு அட்லஸ் 2010ல் சுமார் 15,000 கோடி டன் புதைக்கலாம் என்றது, 98 சதவீதம் கடலுக்கு அடியில். அதை ஆண்டு உமிழ்வால் வகுத்து 'பல நூற்றாண்டுக்குப் போதும்' என்று எழுதாதீர்கள். அது ஏட்டுக் கணக்கு. பாறைத் துளைகளில் இருக்கும் உப்புநீர் விலகி இடம்விட்டால்தானே வாயு நுழையும்? நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008ல் செலுத்தத் தொடங்கினார்கள். அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறி, 2011ல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று.

பழைய கிணறுகள்

வாயு அவற்றின் வழியே கசியலாம். ஒன்று விடாமல் வரைபடத்தில் குறியுங்கள், சிமென்ட் போட்டு அடைத்த ஆண்டோடு.