ஆத்தங்குடிக் கல்லில் ஒரு புளியங்கொட்டை: தோற்காமல் ஆடும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பள்ளத்தூரில் ஐயா வீட்டுத் திண்ணையில் ஆடுபுலி ஆடித்தான் வளர்ந்தேன். ஐயா எப்போதும் ஆட்டை எடுத்துக்கொள்வார், புலி எனக்கு. ஓரத்திலிருந்து ஒவ்வொரு ஆடாக இறக்கி, மூன்று புலியையும் அசைய விடாமல் கட்டிப் போட்டுவிடுவார். "ஐயா, தோக்காமலே ஆட ஒரு வழி இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கும் ராசா. எனக்குத் தெரிஞ்சது அதுல பாதி" என்றார்.

மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியுமா? முடியும். ஆடுபுலியில் எடுத்த எடுப்பில் அதைச் செய்வது கஷ்டம். அதனால் அதே முறையை அரை மணி நேரத்தில் கையால் செய்து பார்க்கக்கூடிய சின்ன ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்த அக்கா மகளோடு வளவில் உட்கார்ந்து ஆடியது இது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: தரையும் காயும்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எட்டுக்கு எட்டு கல் உள்ள சதுரமாக ஓர் இடம் பாருங்கள். கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி வார்க்கிற கல் என்பதால் முகம் வழவழவென்று இருக்கும், புளியங்கொட்டை அழகாக வழுக்கிப் போகும். வீட்டில் அந்தத் தரை இல்லையென்றால் கட்டம் போட்ட நோட்டே போதும். குறி வைக்கக் கொஞ்சம் கோலமாவு எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் துணியால் துடைத்துவிடலாம், அப்பத்தாவிடம் திட்டு வாங்க வேண்டாம்.

இடது கீழ் மூலைக் கல்லுக்கு, தாயத்தில் சொல்கிற மாதிரி, 'பழம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்ற ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண்: பழத்திலிருந்து வலது பக்கம் எத்தனை கல், மேலே எத்தனை கல். பழம் 0, 0. அதற்கு எதிர்மூலை 7, 7.

இரண்டாம் படி: விதி

கொட்டையை எங்காவது வைத்துவிட்டு இருவரும் மாறி மாறி நகர்த்த வேண்டும். இடது பக்கமாகவோ, கீழ்நோக்கியோ, இரண்டுக்கும் நடுவே பழத்தின் பக்கம் இறங்கும் மூலைவாட்டிலோ எத்தனை கல் வேண்டுமானாலும் தள்ளலாம். குறைந்தது ஒரு கல்லாவது நகர்த்தியே ஆக வேண்டும். பழத்தில் கொண்டுபோய் வைத்தவர் ஜெயித்தார்.

அடுத்த படிக்குப் போகும் முன் நாலைந்து ஆட்டம் சும்மா ஆடிப் பாருங்கள். எங்கேயோ ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறோம் என்ற உணர்வு வரும். அந்த இடம் எது என்பதைத்தான் தேடப் போகிறோம்.

மூன்றாம் படி: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

முழு விஷயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள். ஆரம்பத்திலிருந்து யோசித்தால் வழிகள் கிளை கிளையாகப் பிரிந்து தலை சுற்றும். முடிவிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே பதில்தான்.

இரண்டு குறி வேண்டும். 'இங்கே நான் கொண்டுவந்து வைத்தால் ஜெயம் எனக்கு' என்ற கல்லில் புள்ளி. 'இங்கிருந்து நகர்த்துகிறவருக்கே ஜெயம்' என்ற கல்லில் கோடு.

பழத்தில் புள்ளி வையுங்கள். ஒரே நகர்த்தலில் பழத்தைத் தொடக்கூடிய கற்கள் எவை? கீழ் வரிசை முழுவதும், இடது ஓரம் முழுவதும், மூலைவாட்டில் 1, 1 தொடங்கி 7, 7 வரை. எல்லாவற்றிலும் கோடு போடுங்கள்.

இப்போது குறி விழாத கற்களில் பழத்துக்குப் பக்கத்தில் இருப்பது 1, 2. அங்கே கொட்டை இருந்தால் எங்கே போக முடியும்? இடது பக்கம் தள்ளினால் 0, 2. கீழே இறக்கினால் 1, 1 அல்லது 1, 0. மூலைவாட்டில் 0, 1. நான்குமே கோடு போட்ட கல், எதிராளி அடுத்த நகர்த்தலில் பழம் போய்விடுவார். ஆக 1, 2 புள்ளிக் கல். அதன் ஜோடி 2, 1-ம் அப்படியே.

இந்த இரண்டு புதுப் புள்ளிகளிலிருந்தும் வலது பக்கம், மேலே, மேல்நோக்கிய மூலைவாட்டு என்று நீளும் கற்களிலெல்லாம் கோடு போடுங்கள். மீதியில் பழத்துக்குக் கிட்டத்தில் குறியில்லாமல் நிற்பது 3, 5-ம் 5, 3-ம். அங்கே புள்ளி. மறுபடி கோடுகள். கடைசியாக 4, 7-ம் 7, 4-ம். தரை இப்படி இருக்கும்:

– – – – ● – – –
– – – – – – – –
– – – ● – – – –
– – – – – – – ●
– – – – – ● – –
– ● – – – – – –
– – ● – – – – –
● – – – – – – –

அறுபத்து நான்கு கல்லில் ஏழே புள்ளி.

நான்காம் படி: ஆடுங்கள்

எப்போதும் புள்ளியில் கொண்டுபோய் வையுங்கள், அவ்வளவுதான். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒரே நகர்த்தலில் போக முடியாது. கோடு போட்ட எந்தக் கல்லிலிருந்தும் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டுவிடலாம். இந்த இரண்டும் சேர்ந்தால் எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தப்ப வழியில்லை.

அக்கா மகள் கொட்டையை 6, 7-ல் வைத்து, "நீங்க முதல்ல ஆடுங்க மாமா" என்றாள். நான் இடது பக்கம் இரண்டு கல் தள்ளி 4, 7-ல் வைத்தேன். அவள் வெகுநேரம் யோசித்து, நான்கு கல் கீழே இறக்கி 4, 3-ல் வைத்தாள். நான் மூலைவாட்டில் இரண்டு கல் இறங்கி 2, 1. அதைப் பார்த்ததும் கொட்டையைத் தொடாமல் நான்கு வழியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "எங்க போனாலும் மாட்டிக்கிறேன்!" என்று சிரித்தாள். அடுத்த ஆட்டத்தில் கொட்டையைப் புள்ளிக் கல்லில் வைத்துவிட்டு என்னையே முதலில் ஆடச் சொன்னாள். அப்போதே புரிந்துவிட்டது, அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. முதலில் ஆடுவது லாபமா நஷ்டமா என்பது தொடங்கும் கல்லிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஐந்தாம் படி: தரை இல்லாமலே புள்ளியைச் சொல்வது

ஜோடிகளை வரிசையாக எழுதுங்கள்: 1, 2. 3, 5. 4, 7. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 1, 2, 3 என்று ஏறுகிறது. ஒருமுறை வந்த எண் மறுபடி வருவதில்லை. அப்படியானால் அடுத்த ஜோடி? இதுவரை வராத சிறிய எண் 6, அதோடு 4 கூட்டினால் 10. அதற்கடுத்து 8, 13. தரை எவ்வளவு பெரிதானாலும் இப்படியே போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பொன் விகிதம் என்கிற 1.618-ஐ 1, 2, 3, 4, 5 என்று பெருக்கி, தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடுங்கள். 1, 3, 4, 6, 8 வரும், ஜோடியின் சிறிய எண்கள்! கொஞ்சம் பெரிய எண்களுக்குப் போகும்போது 1.6180339 என்று கூடுதல் தசமத்தோடு பெருக்க வேண்டும். நெதர்லாந்துக் கணித அறிஞர் வில்லெம் வைத்தாஃப் 1907-ல் இதை எழுதி வெளியிட்டார். அவர் ஆட்டத்தில் இரண்டு குவியல் காய்கள், நம் ஆட்டத்தில் இரண்டு திசை. கணக்கு ஒன்றேதான்.

பெரிய ஆட்டங்களுக்கு இது செல்லுமா?

1913-ல் ஜெர்மன் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ சதுரங்கத்தை வைத்து இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். பகடை இல்லாத, எதையும் மறைக்காத, முடிவுக்கு வந்தே தீரும் இருவர் ஆட்டம் என்றால், ஒருவருக்குக் கட்டாய வெற்றி இருக்கும் அல்லது இருவராலும் தோற்காமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பது அந்த வழியில் வந்த முடிவு. தாயம் இதில் சேராது. அங்கே விழும் எண்ணுக்கேற்ப வாய்ப்பைக் கூட்டலாம், வெற்றியை உறுதி செய்ய முடியாது.

நம் பல்லாங்குழிக்கு உறவான ஆப்பிரிக்க ஆட்டம் அவாரி. பன்னிரண்டு குழி, 48 விதை. 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இருவர் அதன் சுமார் 88,906 கோடி நிலைகளையும் கம்ப்யூட்டரில் கடைசியிலிருந்து பின்னோக்கிக் குறித்துக்கொண்டே வந்தார்கள். இருவரும் தவறில்லாமல் ஆடினால் சமன். 2007-ல் கனடாவின் ஜொனாதன் ஷேஃபர் குழு, சதுரங்கப் பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் செக்கர்ஸ் ஆட்டத்துக்கும் அதே பதிலைத்தான் கண்டது. அடிப்படை, நாம் கோலமாவில் போட்ட அதே புள்ளியும் கோடும்தான்.

ஐயாவின் ஆடுபுலி? கோடுகள் சந்திக்கும் 23 சந்தி, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மீதி 20 சந்தியில் ஆடுகளை 15,504 விதமாக வைக்கலாம். பெருக்கினால் 2,74,57,584. வெட்டுப்பட்டு ஆடு குறைந்த நிலைகள், இன்னும் இறக்காத ஆடுகள், யார் முறை என்பதெல்லாம் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு. ஒரே நிலை திரும்பத் திரும்ப வரக்கூடும் என்பதால் 'சமன்' என்று மூன்றாவது குறியும் வேண்டும். கைக்கு அடங்காது, கம்ப்யூட்டருக்கு அடங்கும்.

வீட்டுப் பாடம்: மூலைவாட்டு நகர்த்தலை எடுத்துவிட்டு, இடது பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும் வைத்துத் தரையை முதலிலிருந்து நிரப்புங்கள். புள்ளிகள் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள். எட்டுப் புள்ளி வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.