சிப்காட்டில் புதிதாக ஈ.எச்.எஸ். (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) வேலைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டுக்கு 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மதிப்பெண் 77.45. 70-ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசடைந்த பகுதி என்று கணக்கு. அன்றிலிருந்து இங்குள்ள ஆலைகள் மீது ஒரு கண் கூடுதலாகவே இருக்கிறது. ஆனாலும் ஈ.எச்.எஸ். வேலைக்கு வரும் புது ஆட்கள், முன்னால் இருந்தவர்கள் செய்த அதே நான்கைந்து தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பதிவேட்டில் தேதி போடாதது, கன்சென்ட் (ஆலையை இயக்க வாரியம் தரும் இசைவு) காலாவதியானதைக் கவனிக்காதது எல்லாம் இங்கே வேண்டாம். அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. காரணம், இந்தத் தவறு குழாய் போடும் நாளிலேயே நடந்துவிடுகிறது. பிறகு திருத்தக் கோடிக்கணக்கில் ஆகும்.

ஒரு மருந்து மூலப்பொருள் ஆலை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 கிலோலிட்டர் மதர் லிக்கர் (மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கரைசல்), டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு) லிட்டருக்கு 80,000 மில்லிகிராம். தரை கழுவியது, கூலிங் டவர் கழிவு எல்லாம் சேர்ந்து 90 கிலோலிட்டர், டி.டி.எஸ். 1,500. இரண்டையும் கலந்தால் 100 கிலோலிட்டரும் 9,350-க்குப் போய்விடும். பத்துப் பங்கு உப்புத் தண்ணீருக்காக தொண்ணூறு பங்கு நல்ல தண்ணீரைக் கெடுத்தாயிற்று.

தனித்தனியாக வைத்திருந்தால் என்ன ஆகும்? 90 கிலோலிட்டரும், பாக்டீரியா கழிவைத் தின்னும் பயலாஜிக்கல் தொட்டி வழியாக, உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டியான ஆர்.ஓ.வுக்குப் போகும். 85 சதவீதம் நல்ல தண்ணீராகத் திரும்பக் கிடைத்தால், மிஞ்சும் உப்புத் தண்ணீரான ரிஜெக்ட் 13.5 கிலோலிட்டர். மதர் லிக்கர் 10-ஐயும் சேர்த்தால், நீராவியால் தண்ணீரை ஆவியாக்கும் எம்.இ.இ.க்குப் போவது 23.5. கலந்துவிட்டால் ஆர்.ஓ.வில் 65 சதவீதம் எடுப்பதே பெரும்பாடு, ரிஜெக்ட் மட்டும் 35 கிலோலிட்டர். 25-க்கு டிசைன் செய்த எம்.இ.இ. இதைத் தாங்காது. பெரிதாகவே வாங்கியிருந்தாலும், மூன்று எஃபெக்ட் (மூன்று கட்டமாக ஆவியாக்கும்) எம்.இ.இ.யில் ஒரு கிலோலிட்டரை ஆவியாக்க ஏறத்தாழ 0.4 டன் நீராவி வேண்டும். கூடுதலான 11.5 கிலோலிட்டருக்கு தினமும் நாலரை டன் நீராவி வீண். பாய்லருக்கு எரிபொருள் வாங்கும் பில்லைப் பார்த்த பிறகுதான் நிர்வாகம் கேள்வி கேட்கும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பயலாஜிக்கல் தொட்டியின் கதை இன்னும் மோசம். மதர் லிக்கர் தினமும் ஒரே அளவில் வராது, பேட்ச் முடியும்போது மொத்தமாக வரும். இன்று 3,000, நாளை 15,000 என்று உப்பு ஏறி இறங்கினால் பாக்டீரியா பிழைக்காது. நுரை பொங்கும், ஸ்லட்ஜ் (கசடு) படியாது, சி.ஓ.டி. (கழிவுநீரின் கரிமச் சுமை) அப்படியே வெளியே வரும். உடனே சாணம் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். உப்பு இறங்காத வரை எதை ஊற்றினாலும் பயனில்லை.

‘எங்களிடம் தொட்டி தனித்தனிதான்’ என்று சொல்லும் இடங்களில்தான் குழாயைத் தொட்டுப் பின்தொடர வேண்டும். இந்தப் பகுதி ஆலை ஒன்றில் இரண்டு தொட்டிக்கும் நடுவே ‘அவசரத்துக்கு’ ஒரு இரண்டு அங்குல வால்வு இருந்தது. எம்.இ.இ. ட்யூப்பில் உப்புப் படிந்து, சுத்தம் செய்ய நிறுத்தும் இரவுகளில் உப்புத் தொட்டி நிரம்பிவிடும். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் வேறு வழியில்லாமல் அந்த வால்வைத் திறப்பார். காலையில் மூடிவிடுவார், லாக் புத்தகத்தில் ஒரு எழுத்து இருக்காது. பயலாஜிக்கல் தொட்டி அடிக்கடி ஏன் சாகிறது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அந்த இணைப்பை அறுத்து, பிளைண்ட் தகடு போட்டு மூடுங்கள். பூட்டுப் போட்டால் சாவி எங்காவது தொங்கும். உப்புத் தண்ணீருக்கு எம்.இ.இ. சுத்தம் செய்யும் நாட்களையும் தாங்கும்படி குறைந்தது மூன்று நாள் கொள்ளளவு வையுங்கள். உப்பு குறைந்த லைனில் ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் மாட்டுங்கள். டி.டி.எஸ். 1,500 என்றால் அது 2,300 மைக்ரோசீமன்ஸை ஒட்டிக் காட்டும், 4,000-இல் அலாரம் வைத்தால் போதும். மதர் லிக்கரில் சால்வென்ட் (கரைப்பான்) இருந்தால், எம்.இ.இ.க்கு முன் அதைப் பிரித்தெடுக்கும் ஸ்ட்ரிப்பர் கட்டாயம். இல்லாவிட்டால் ஆவியோடு சால்வென்டும் சேர்ந்து போய், ஆவி குளிர்ந்து வரும் கண்டன்சேட்டின் சி.ஓ.டி.யை ஏற்றிவிடும்.

இன்னொன்று: உப்பு எங்கும் மாயமாகாது. மேலே சொன்ன கணக்கில் நாளுக்கு 935 கிலோ, ஈரத்தோடு ஒரு டன். 90 நாளைக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது என்பது 2016 அபாயக் கழிவு விதி. அப்படியானால் 90 டன் கொள்ளும், கூரையும் கரையும் உள்ள கொட்டகை வேண்டும். அனுமதிப் பத்திரத்தில் ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஸ்லட்ஜுக்கான கழிவு எண் 35.3 மட்டும் இருக்கும், ஆவியாக்கி மிஞ்சும் உப்புக்கான 37.3 விடுபட்டிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

மீட்டர் சென்சாரை வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது

வேண்டாம். நாள் முழுக்க நேர்கோடாக ஓடும் பி.எச். கிராஃபை நம்ப, அதை ஆன்லைனில் பார்க்கும் வாரியத்தில் யாரும் இல்லை.

மஞ்சள் நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது

அபாயக் கழிவு லோடோடு போகும் ஆவணமான மேனிஃபெஸ்ட் ஏழு நகல். லாரிக்காரர் கையெழுத்துப் போட்ட மஞ்சள் நகல் உங்களிடம் இருந்தால் கழிவு கேட்டைத் தாண்டியது என்றுதான் அர்த்தம். போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி, பெற்றுக்கொண்டவர் திருப்பி அனுப்பும் நீல நகல். அது வராத லோடுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்துத் துரத்துங்கள்.

கடலூரிலிருந்து கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பும்போது ஒரு சிக்கல் உண்டு. அனுப்புவதும் பெறுவதும் தமிழ்நாடுதானே என்று விட்டுவிடுகிறார்கள். லாரியோ முள்ளோடையைத் தாண்டியதும் புதுச்சேரிக்குள் நுழைந்துவிடுகிறது. வேறு மாநிலம் வழியாகப் போனால் அந்த மாநிலத்துக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்கிறது விதி. புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அல்லது பண்ருட்டி, விழுப்புரம் வழியாக அனுப்புங்கள். புதுச்சேரியில் உள்ள சேதராப்பட்டு பக்கத்து ஆலைகளுக்கு சாம்பல் நிற நகல் முக்கியம். அனுப்பியவர் வேறு மாநிலத்தில் இருந்தால், கழிவைப் பெற்றவர் அந்த நகலை, அனுப்பியவரின் மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஐப்பசி மழையை மறப்பது

ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 405 கிலோலிட்டர். கடலூரில் அப்படி ஒரு நாள் பெய்வது புதிதில்லை. 100 கிலோலிட்டர் ஈ.டி.பி. அதை எப்படிக் குடிக்கும்? ரசாயனம் கையாளும் இடத்தை மட்டும் கரை கட்டிப் பிரித்து, முதல் 20 மில்லிமீட்டரைத் தொட்டியில் பிடியுங்கள். ஏக்கருக்கு 81 கிலோலிட்டர் ஆகும். மழைநீர் வடிகால் கடைசியில் ஷட்டர் இருக்கிறதா, துருப்பிடிக்காமல் இறங்குகிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். அந்த வடிகாலுக்கு அப்பால் உப்பனாறு.

பழைய கன்சென்டில் புதுப் பொருள்

கன்சென்ட் பொருள்வாரியாக, அளவோடு தரப்படுவது. ‘ட்ரையல் பேட்ச்தான்’ என்பது பதில் ஆகாது.

சரிசெய்துவிட்டுச் சும்மா இருப்பது

2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை நீங்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆனது. அவ்வளவுதானே என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். சுற்றுச்சூழல் இழப்பீடு அதற்கு வெளியே தனிக் கணக்கு. மாசு அதிகமான சிவப்பு வகை ஆலைக்கு மாசு எண் 80, அதை நாட்களாலும் 250 ரூபாயாலும் ஆலை அளவாலும் இடத்தாலும் பெருக்குவார்கள். நடுத்தர ஆலை, இடத்துக்கான எண் 1 என்றால் நாளுக்கு 20,000 ரூபாய். பெரிய ஆலை என்றால் ஒன்றரை மடங்கு.

இதில் நாள் என்பது நீங்கள் சரிசெய்த நாளோடு நிற்காது, வாரியம் வந்து பார்த்து உறுதி செய்யும் வரை ஓடும். பத்து நாளில் பம்பை மாற்றிவிட்டு, ‘அவர்களே வருவார்கள்’ என்று காத்திருந்து 45 நாள் ஆனால் 9 லட்சம். வேலை முடிந்த அன்றே படம், புதிய ஆய்வக அறிக்கை, பம்ப் வாங்கிய பில் எல்லாம் இணைத்து, ஆய்வுக்கு வரும்படி எழுதிக் கொடுங்கள். மாவட்ட அலுவலகத்தில் தபால் முத்திரை வாங்கிய நகலைக் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.