25 பேருக்கு மறுவீட்டுச் சொதி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துப் போடுகிற விருந்துக்கு மறுவீட்டுச் சாப்பாடு என்று பெயர். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் அன்றைக்கு இலையில் சாம்பார் வராது, தேங்காய்ப்பாலில் காயும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற சொதிதான் வரும். இப்போது அதையும் மண்டபத்துச் சமையலோடு சேர்த்து ஒப்படைத்துவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மஞ்சள்பொடி போட்ட சொதி சாப்பிட்டேன். பக்கத்திலேயே சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், காலிஃபிளவர் வறுவல் என்று வரிசை. எந்த மண்டபம் என்று சொல்லமாட்டேன், கூப்பிட்டவர்கள் வேண்டியவர்கள்.

பார்க்கப் போனால் வீட்டில் சமைக்க இதைவிடத் தோதான விருந்து கிடையாது. குழம்பு ஒன்றே ஒன்று. துணைக்கு இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குக் காரக்கறி, அப்பளம், கொஞ்சம் வாழைக்காய் சிப்ஸ். முதலில் ஒரு இனிப்பு, கடைசியில் தயிர். அவ்வளவுதான். அவியலும் வைக்கலாமே என்று என் மதினி ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். வேண்டாம். அவியலிலும் தேங்காய், சொதியிலும் தேங்காய் என்றால் சாப்பிட்டவர் இலையை விட்டு எழுந்திருக்க வேண்டாமா?

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்து மறுவீடுகள், பிறந்தநாள், சஷ்டியப்தபூர்த்தி என்று 30 வருஷமாகச் சொதி வைக்கிறேன். பெரும்பாலும் 25 பேர் கணக்குதான். அதையே சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

முதலில் தேங்காய். மூன்று பேருக்கு ஒரு காய் என்று 8 காய் வேண்டும். நன்றாக முற்றியிருக்க வேண்டும், ஆனால் ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும். தண்ணீர் வற்றிக் கொப்பரையாகப் போகிற காயில் எண்ணெய் வாடை வரும். இளசாக இருந்தால் பால் நீர்த்துப் போகும். நான் எப்போதும் 10 வாங்குவேன். எட்டு உடைத்தால் அதில் ஒன்று அழுகல் என்பது என் ராசி. மிச்சம் இருந்தால் துவையலுக்கு ஆயிற்று.

காய்கறி வாங்க, விருந்துக்கு முந்தின நாள் காலையிலேயே திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். கேரட், பீன்ஸ் அரைக் கிலோ வீதம், உருளைக்கிழங்கு முக்கால் கிலோ, முருங்கைக்காய் 8, உரித்த பச்சைப் பட்டாணி அரைக் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பூண்டு 150 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம், எலுமிச்சம்பழம் 6. பட்டாணி சீசன் இல்லையென்றால் காய்ந்த பச்சைப் பட்டாணி கால் கிலோ வாங்கி ராத்திரியே ஊறப்போடலாம். இஞ்சி அரைக் கிலோ, நார் ஏறாத இளசாகப் பார்த்து. காரக்கறிக்கு உருளைக்கிழங்கு தனியாக 2 கிலோ. பாசிப்பருப்பு 350 கிராம். அரிசி மூன்றரைக் கிலோ. 25 பேருக்கு 3 கிலோ போதும்தான், ஆனால் சொதி என்றால் எல்லாரும் ஒரு கை கூடத்தான் சாப்பிடுவார்கள். அப்பளம் கல்லிடைக்குறிச்சி அப்பளம் கிடைத்தால் அதுதான், ஆளுக்கு இரண்டு.

கத்திரிக்காய், தக்காளி, மஞ்சள்பொடி மூன்றும் சொதிக்குள் வரக்கூடாது. சொதியின் நிறம் பாசிப்பருப்பு கொடுக்கிற இளமஞ்சள் வெள்ளை. அதற்கு மேல் நிறம் தேடக்கூடாது.

முந்தின நாள் ராத்திரி

வெங்காயமும் பூண்டும் உரிப்பதை முந்தின ராத்திரி தார்சாவில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே நாலு பேராக முடித்துவிடுங்கள். காலையில் அதற்கு ஆள் கிடைக்காது.

இஞ்சித் துவையலை ராத்திரியே அரைத்துவிட வேண்டும். மறுநாளைக்குத்தான் அதற்கு ருசி கூடும். சொதிக்கு 100 கிராம் இஞ்சியை ஒதுக்கிவிட்டு மீதியைத் தோல் சீவி வில்லையாக நறுக்குங்கள். நல்லெண்ணெயில் ஒரு கைப்பிடி உளுந்தம்பருப்பையும் 15 மிளகாய் வத்தலையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இஞ்சியைப் போடுங்கள். இங்கே அவசரப்படக்கூடாது. இஞ்சி சுருங்கி, ஓரம் பொன்னிறமாகி, பச்சை நெடி போகும்வரை வதங்க வேண்டும். அரைகுறையாக வதக்கினால் துவையல் கசந்து தொண்டையைப் பிடிக்கும். பெரிய எலுமிச்சை அளவு புளி, உப்பு, ஒரு மூடித் தேங்காய்த் துருவல் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். கடைசியில் 100 கிராம் வெல்லம். உறைப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் தனித்தனியாக நாக்கில் தட்டுப்பட வேண்டும். சொதி சாதுவான குழம்பு. அதை நாலு கவளம் தொடர்ந்து சாப்பிட்டால் திகட்டும். இந்தத் துவையலைத் தொட்டுக்கொண்டால்தான் ஐந்தாவது கவளம் இறங்கும். தேங்காய்ப்பால் வயிற்றில் நிற்காமல் இருக்கவும் இஞ்சிதான் என்பார்கள்.

இனிப்புக்குப் பாயசம் வேண்டாம், திருப்பாகம் செய்துவிடுங்கள். அதையும் ராத்திரியே முடிக்கலாம். கடலைமாவு ஒரு பங்கு, பால் ஒரு பங்கு, சீனி இரண்டு பங்கு, நெய் ஒரு பங்கு. மாவைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சீனி போட்டுச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நெய் பிரிந்து ஓரத்தில் வரும்போது முந்திரிப்பொடியும் ஒரு சிட்டிகைக் குங்குமப்பூவும் போட்டு இறக்கலாம். மைசூர்பாகு மாதிரி இறுகக்கூடாது, கரண்டியால் எடுத்து வைக்கிற பதம்.

காலையில் பால் பிழிதல்

இதுதான் வேலையிலேயே பெரிய வேலை. எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது ஆண்களின் பொறுப்பு. எட்டுக் காயை ஒரே ஆள் துருவினால் தோள் போய்விடும், இரண்டு பேரைப் பிடியுங்கள். ஓட்டை ஒட்டித் துருவக்கூடாது, பழுப்பு விழுந்தால் பாலின் வெண்மை போய்விடும்.

துருவலில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறி எண்ணெய் பிரியும். அலசிய பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் வருவது முதல் பால். 8 காய்க்கு ஒன்றரை லிட்டர் வந்தால் சரி. அதை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் விருந்துக்குள் புளித்துவிடும். அதே சக்கையில் தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பால், மறுபடியும் மூன்றாம் பால், ஒவ்வொன்றும் இரண்டரை லிட்டர் போல. மூன்றையும் மூன்று பாத்திரத்தில் வைத்து, எது எது என்று எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். உதவிக்கு வந்த சித்தி ஒருத்தி முதல் பாலை எடுத்துக் காய் வேகவைத்த கதை எங்கள் வீட்டில் உண்டு.

சொதி கூட்டுதல்

பாசிப்பருப்பை வாசனை வரும்வரை மட்டும் வெறும் சட்டியில் வறுத்து, குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். 40 பச்சை மிளகாயில் பாதியைக் கீறி வையுங்கள், மீதியை 100 கிராம் இஞ்சியோடு சேர்த்து விழுதாக அரையுங்கள். காரம் இந்தப் பச்சை மிளகாயிலிருந்து மட்டும்தான் வர வேண்டும்; உங்கள் மிளகாய் காரம் கூடினதாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

அகலமான சருவத்தில் நெய் விட்டு, வெங்காயம், பூண்டு, கீறின மிளகாய் மூன்றையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். மூன்றாம் பாலை ஊற்றி, கேரட், பீன்ஸ், பட்டாணியைப் போடுங்கள். அவை அரைவேக்காடு ஆனதும் உருளைக்கிழங்கு, அதுவும் பாதி வெந்ததும் முருங்கைக்காய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் முருங்கைக்காய் நாராகிச் சொதி முழுக்க மிதக்கும். காய் வெந்தபிறகு உப்பு, இஞ்சி மிளகாய் விழுது, மசித்த பருப்பு, இரண்டாம் பால். நடுத்தரத் தீயில் கால் மணி நேரம் கொதிக்கட்டும். அப்புறம் அடுப்பை அணைத்துவிடுங்கள். இதுவரை வேலையை 12 மணிக்குள் முடித்துவிட்டால் போதும்.

முதல் பால் எப்போது என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் வண்டி தெருவில் திரும்பியபிறகுதான்.

1996இல் என் தங்கை மறுவீட்டில் இதைத் தெரிந்துகொண்டேன். 12 மணிக்கு வருகிறோம் என்றவர்கள் 2 மணிக்கு வந்தார்கள். நான் 12 மணிக்கே முதல் பாலை ஊற்றி, எலுமிச்சையும் பிழிந்து, மூடி வைத்திருந்தேன். ஆறிப்போன சொதியையா பரிமாறுவது என்று மறுபடி அடுப்பில் ஏற்றினேன். ஒரு கொதி வந்தது, போயிற்று. கீழே தெளிந்த தண்ணீர், மேலே திப்பி திப்பியாக வெள்ளை, ஓரத்தில் எண்ணெய். ஆச்சி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "ஏட்டி, பாலைக் கொன்னுட்டியே" என்றாள். பிறகு அவளே கைவசம் இருந்த இரண்டு காயை உடைக்கச் சொல்லி, அந்தப் பாலில் இரண்டு கரண்டி அரிசிமாவைக் கரைத்து ஊற்றி, சிறு தீயில் கிளறிக் கொஞ்சம் சேர்த்துப் பிடித்தாள். பார்வைக்குச் சொதி மாதிரி ஆயிற்று, ருசியில் பாதிதான். மாப்பிள்ளை வீட்டார் நாகரிகமானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. தங்கைதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தேங்காய்ப்பாலில் இருக்கிற கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று கலந்து நிற்பது மென்மையான பிடிப்பில்தான். கொதியும் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். ஆகவே ஆட்கள் வந்து கை கால் கழுவி, பானகமோ காபியோ குடித்துக்கொண்டிருக்கும்போது, சொதியைச் சூடாக்கித் தீயைத் தணித்து, முதல் பாலை ஊற்றி, ஒரே பக்கமாக மெதுவாகக் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கூடி வரும். குமிழி வெடிக்கும் முன் இறக்கிவிட வேண்டும். நெய்யில் கடுகு, சீரகம், முந்திரி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பத்து நிமிஷம் போனபிறகு எலுமிச்சைச் சாறு. முதலில் நாலு பழம் பிழிந்து ருசி பாருங்கள், தேவையென்றால் மற்ற இரண்டு. விதை விழுந்தால் கசக்கும். அப்படியும் யாராவது தாமதமாக வந்தால் அடுப்பில் ஏற்றாதீர்கள், வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

சொதி வெந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு அடுப்பில் காரக்கறி. வேகவைத்து உரித்த கிழங்கை மிளகாய்ப்பொடி, உப்பு, சோம்பு, பூண்டு போட்டு மொறுமொறுவென்று பிரட்ட வேண்டும். சோற்றைக் குக்கரில் வைக்காமல் வடித்தால் உதிரியாக இருக்கும், சொதி உள்ளே இறங்கும்.

பரிமாறுதல்

நுனி இலை, நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம். திருப்பாகம், இஞ்சித் துவையல், காரக்கறி, சிப்ஸ், அப்பளம், பிறகு சோறு, அதன் மேல் ஒரு சொட்டு நெய், சொதி. சொதியைக் கரண்டியில் கணக்குப் பார்த்து ஊற்றாதீர்கள், இலையில் குளம் கட்ட வேண்டும். வாளியில் எடுக்கும்போது அடி வரை கரண்டியை விட்டால்தான் காயும் பருப்பும் எல்லாருக்கும் சமமாகப் போகும். முதல் பந்திக்குத் தெளிவு, கடைசிப் பந்திக்குக் காய் என்று ஆகிவிடக்கூடாது. ரசம் கேட்பவர்கள் இருப்பார்கள். நான் வைப்பதில்லை. இரண்டாம் சோற்றுக்கும் சொதி, மூன்றாவதற்குத் தயிரும் நார்த்தங்காய் ஊறுகாயும்.

சொதி மறுநாளைக்குத் தாங்காது. மிச்சம் இருந்தால் ராத்திரியே இடியாப்பத்துக்கு ஊற்றி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்ததே இல்லை. அதனால் பந்தி ஆரம்பிக்கும் முன்பே ஒரு தூக்குவாளியில் எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் மோர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். பரிமாறினவர்களுக்கும் ராத்திரி சாப்பிட வேண்டுமே.