நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டுவது எப்படி? புதிய ஓட்டுநர்களுக்கான செய்முறை விளக்கம்

உரிமம் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வழியாகச் சேலத்துக்குக் கார் ஓட்டிச் செல்ல நேர்ந்தால், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் முன்னும் பின்னும் லாரிகள் சூழ்ந்திருப்பதைக் கண்டு கை நடுங்குவது இயல்பே. அந்தச் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு, எதை எந்த வரிசையில் பழக வேண்டும் என்று இங்கே விளக்குகிறேன்.

படி 1: எடையை மனத்தில் நிறுத்துங்கள்

சிறிய கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 1 டன். பத்துச் சக்கர லாரியோ சரக்குடன் 28.5 டன் வரை இருக்கலாம். அதன் ஏர் பிரேக்கில் மிதியை அழுத்திய பிறகு காற்றழுத்தம் குழாய்கள் வழியே சக்கரங்களைச் சென்றடையச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே லாரிக்கு முன்னால் தெரியும் காலியிடம், அதை ஓட்டுபவர் நிறுத்துவதற்காக விட்டுவைத்திருக்கும் இடம். அதில் திடீரென்று நுழைந்து பிரேக் போடாதீர்கள்.

படி 2: ஓட்டுநரின் கண்ணுக்குப் படாத இடங்களை அறியுங்கள்

லாரியின் மூக்குக்கு நேர் கீழேயும், பின்புறம் ஒட்டியும், இரு பக்கவாட்டிலும் மறைபகுதிகள் உண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், இடப்புற மறைபகுதியே மிகப் பெரியது. முன்பெல்லாம் கிளீனர் இடப்பக்கம் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்வார். இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ளுங்கள்.

படி 3: இடைவெளியை எண்ணிப் பழகுங்கள்

முன்னே செல்லும் லாரி ஒரு மைல்கல்லையோ மரத்தையோ கடந்த நொடியிலிருந்து, நீங்கள் அதே இடத்தை அடையும்வரை குறைந்தது 3 நொடிகள் ஆக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 66 மீட்டர். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள். இடைவெளி கூடினால் சாலையும் கூடுதலாகத் தெரியும்: லாரியின் முதுகை ஒட்டிச் செல்பவருக்கு, அதன் சக்கரங்களுக்கு நடுவே கடந்துபோகும் பள்ளம்கூடக் கடைசி நொடியில்தான் புலப்படும்.

படி 4: கணக்கிட்டு முந்துங்கள்

புதியவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். இருவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 16 மீட்டர் நீள டிரெய்லரை நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் முந்துவதாகக் கொள்வோம். 25 மீட்டர் பின்னாலிருந்து தொடங்கி, 25 மீட்டர் முன்னால் சென்று இடப்பக்கம் திரும்ப ஏறத்தாழ 12 முதல் 13 நொடிகள் ஆகும்; அதற்குள் நீங்கள் 280 மீட்டர் கடந்திருப்பீர்கள். எதிரே ஒரு பேருந்து அதே வேகத்தில் வந்தால் அதுவும் 280 மீட்டர் நெருங்கியிருக்கும். அரைக் கிலோமீட்டருக்கும் மேல் சாலை வெறுமையாகத் தெரியாவிட்டால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்க வேண்டாம்.

லாரியின் வலப்பக்க இண்டிகேட்டரை நம்பி முந்துவது எனக்கு உடன்பாடில்லை. ‘முந்திச் செல்லலாம்’ என்பதற்கும் ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்பதற்கும் அதே விளக்கைப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள்.

நான்குவழிச் சாலையிலோ வேறு சிக்கல். வேகமாகச் செல்வோருக்கான வலத் தடத்திலேயே லாரி அசையாமல் போய்க்கொண்டிருக்கும். ஹாரன் அடித்து, விளக்கைச் சிமிட்டி, வழி விடுகிறாரா என்று பொறுத்துப் பாருங்கள். வழி கிடைக்காமல் இடப்பக்கம் கடந்தே ஆக வேண்டுமென்றால், அது அவருடைய பெரிய மறைபகுதி என்பதை நினைவில் கொண்டு, முன்னே தடம் காலியாக இருக்கும்போது மட்டும், பக்கவாட்டில் தயங்கி நிற்காமல் கடந்துவிடுங்கள்.

படி 5: திரும்பும் லாரிக்கு உட்புறம் நுழையாதீர்கள்

இடப்பக்கம் திரும்பும் நீண்ட லாரி முதலில் சற்று வலப்பக்கம் விலகும். அந்த இடைவெளி உங்களுக்காக விடப்பட்டதன்று. பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்லாமல் உட்புறமாக நெருங்கி வரும். இருசக்கர வண்டியில் செல்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

படி 6: தொப்பூர் கணவாயில் இறங்கும்போது

தர்மபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கி வருகையில் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கும் லாரியில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குபவர்களுக்கு எஞ்சினின் தடையும் கிடைக்காது. எனவே இறக்கத்தில் லாரிக்கு நேர் முன்னால் செல்வதைத் தவிர்த்து, குறைந்த கியரில் பின்னால் இடைவெளி விட்டு வாருங்கள். பின்னாலிருந்து ஒன்று வேகமாக நெருங்குவது கண்ணாடியில் தெரிந்தால், போட்டி போடாமல் இடப்பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள்.

படி 7: இரவில்

சாலையோரம் விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரி, கிட்டத்தில் வரும்வரை இருட்டோடு இருட்டாகவே இருக்கும். எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும் நேரத்தில் இடப்பக்க ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். உங்கள் முகப்பு விளக்கு எட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டுமே செல்லுங்கள்.