சாவி கைவிட்டாலும் வண்டி கிளம்பும்: மலைப்பாதையில் மாட்டிக்கொண்டவர்களுக்கான செய்முறை

பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருக்கும் பலருக்கு, சாவிக்குள் இருக்கும் செல் தீர்ந்துபோனால் வண்டியை எப்படிக் கிளப்புவது என்று தெரியாது. ஊருக்குள் என்றால் பரவாயில்லை, ஒரு போன் செய்தால் மெக்கானிக் வந்துவிடுவார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ நடுவில், இருட்டும் நேரத்தில், பின் சீட்டில் குழந்தைகளோடு, சிக்னலும் இல்லாமல் நிற்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடும். இப்படி வண்டி கிளம்பாமல் நிற்கும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு உங்கள் காரிலேயே இருக்கிறது. அதனால் வண்டி ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

முதலில், எந்த பேட்டரி போயிருக்கிறது?

உங்கள் வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. இன்னொன்று சாவிக்குள் இருக்கும் பொத்தான் அளவு செல். எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

உள்ளே விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஆனால் டேஷ்போர்டில் சாவியைக் காணவில்லை என்று செய்தி வருகிறது என்றால், சாவியின் செல்தான் பிரச்சினை. எல்லாமே இருட்டாக இருந்தால் பெரிய பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது. விளக்கு மங்கலாக எரிந்து, ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் பெரிய பேட்டரியில் சார்ஜ் போதவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. டீசல், பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தாண்டி மெக்கானிக்தான்.

அப்புறம், பதற்றத்தில் எல்லோரும் மறக்கும் சில விஷயங்கள். பிரேக்கை (கியர் வண்டி என்றால் கிளட்ச்சையும்) முழுதாக மிதித்திருக்கிறீர்களா? ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா? சாவி திரும்பவே மாட்டேன் என்கிறதா? ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

சாவியின் செல் தீர்ந்திருந்தால்

இதுதான் இருப்பதிலேயே எளிது. ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானோ தாழ்ப்பாளோ இருக்கும். அதை நகர்த்தி இழுத்தால் உள்ளேயிருந்து ஓர் உலோகச் சாவி வரும். டிரைவர் பக்கக் கதவில் அதற்கான துவாரம் இருக்கும். சில கார்களில் கைப்பிடியில் ஒரு மூடிக்குள் மறைந்திருக்கும். கதவைத் திறந்ததும் அலாரம் அலறலாம். பயப்பட வேண்டாம், வண்டி சாவியை அடையாளம் கண்டதும் அது நின்றுவிடும்.

இப்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து அழுத்துங்கள். ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றில் விரலுக்குப் பதிலாக ரிமோட்டின் முனையாலேயே பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில கார்களில் இதற்கென்று தனி இடம் உண்டு: கப் வைக்கும் குழி, கன்சோல் பெட்டியின் அடிப்பகுதி, ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில் ஒரு குறி. உங்கள் வண்டியில் எங்கே என்பது கையேட்டில் ஒரே பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே போனில் படம் பிடித்து வையுங்கள்.

செல் செத்த பிறகும் இது எப்படி வேலை செய்கிறது? ரிமோட்டுக்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது. அதற்கு செல் தேவையே இல்லை. வண்டியில் உள்ள கம்பிச்சுருள் சில சென்டிமீட்டர் தூரத்தில் அனுப்பும் காந்த அலையிலிருந்தே தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஒட்டி வைக்கச் சொல்வது அதனால்தான். சாவியோடு செல்போனையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள், அலை கெடும்.

பெரும்பாலான ரிமோட்களில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் செல். எண் செல்லின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள்.

பெரிய பேட்டரி இறங்கியிருந்தால்: இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம்

இதற்கு ஜம்பர் கேபிள் வேண்டும். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. மெல்லிய வயர் உள்ள மலிவு கேபிள் சூடாகி உருகும், இன்ஜினையும் சுற்றாது. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

உதவ நிற்பது பெரும்பாலும் லாரிக்காரர்களாகத்தான் இருக்கும். நல்ல மனிதர்கள், ஆனால் லாரியும் பஸ்ஸும் பெரும்பாலும் 24 வோல்ட். அதைக் காரில் நேரடியாக இணைத்தால் காரின் கம்ப்யூட்டரே கருகிவிடும். 12 வோல்ட் உள்ள இன்னொரு காரோ ஜீப்போதான் வேண்டும். ஹைபிரிட், மின்சார வண்டிகளிடமும் கேட்காதீர்கள். அவற்றின் துணை பேட்டரி இன்னொரு இன்ஜினைச் சுற்றுவதற்கானது அல்ல. உங்கள் பேட்டரி உப்பியோ வெடித்தோ ஒழுகியோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டும் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டு, விளக்கு, ஏ.சி. எல்லாம் அணைத்திருக்க வேண்டும். பிறகு இதே வரிசையில்:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை, உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு கனமான போல்ட்டில், பேட்டரியிலிருந்து தள்ளி.

நான்காவதை ஏன் பேட்டரியிலேயே மாட்டக் கூடாது? கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும் வாய்ப்பு உண்டு, அதுவும் பொறியும் சேர்ந்தால் வெடிக்கும். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

மாட்டிய பிறகு உதவும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் உங்கள் வண்டியை முயலுங்கள். பிடித்துவிட்டால் கேபிள்களை அப்படியே தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். கழற்றும்போது சிவப்பும் கறுப்பும் தொட்டுவிடக் கூடாது.

கேபிள் இல்லையா? தள்ளி ஸ்டார்ட் செய்வது

கியர் வண்டிக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கில் எத்தனை பேர் தள்ளினாலும் நடக்காது. பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். பெட்ரோல் பம்பும் இன்ஜின் கம்ப்யூட்டரும் இயங்க மின்சாரம் தேவை.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியர் போடுங்கள். முதல் கியர் வேண்டாம், வண்டி வெடுக்கென்று இழுக்கும். இரண்டு மூன்று பேர் பின்னாலிருந்து தள்ளட்டும். ஓட்டமாக ஓடும் வேகம் வந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் பிடித்ததும் மறுபடி கிளட்ச்சை மிதித்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே பழுதாக்கும்.

மலைச்சரிவில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு இறுகிவிடும். அடுத்த வளைவுக்குள் இன்ஜின் பிடிக்காவிட்டால் நிறுத்துவது மிகக் கடினம். சமதளமான, நேரான இடம் கிடைத்தால் மட்டும் தள்ளுங்கள்.

சாவியே தொலைந்துவிட்டால்

வயரை வெட்டி உரசி வண்டியைக் கிளப்புவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இம்மொபிலைசர் உள்ள இன்றைய கார்களில் அதை நம்பி இறங்காதீர்கள். சாவியின் சிப் சரியான எண்ணைச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓடவிடாது. ஸ்டீயரிங் அடியில் ஏர்பேக் வயரும் போகிறது, தெரியாமல் அறுத்தால் காயம்தான் மிஞ்சும். ஆபத்து நேரத்தில் அதில் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

அதற்குப் பதிலாக, வண்டியை விட்டு விலகாதீர்கள். எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, முக்கோணப் பலகையைத் தள்ளி வையுங்கள். காட்டுப் பாதையில் இரவு என்றால், உள்ளே இருக்க முடிந்தவரை கீழே இறங்கக் கூடாது. யானை நடமாடும் இடங்கள் அவை. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033. இணைய வசதியுள்ள கார்களில் போன் ஆப் வழியாகவே கதவைத் திறக்கலாம். இல்லையென்றால் வீட்டிலுள்ள இரண்டாவது சாவியை யாராவது கொண்டுவர வேண்டியதுதான். புதுச் சாவிக்கு ஆர்.சி. புத்தகத்தோடும் அடையாள அட்டையோடும் ஷோரூமுக்குப் போக வேண்டும்.

குழந்தை உள்ளே, சாவியும் உள்ளே என்றால் வண்டியின் விலையை யோசிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களில் கொதித்துவிடும். குழந்தைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில், கூர்மையான உலோகத்தால் ஓங்கி அடியுங்கள்.

வண்டி கிளம்பிய பிறகு

டீக்கடையைப் பார்த்ததும் நிறுத்தி அணைத்துவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) பேட்டரியை ஓரளவு நிரப்பவே அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அடுத்த ஊரில் பேட்டரி கடையில் காட்டுங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். நான்கு வயதைத் தாண்டிய பேட்டரி என்றால் அடுத்த மலைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.